கேப்டன் பாஸ் பண்ணிய ஸ்கேன்

காலையில் எழுந்ததும் கேப்டன் டெரன்ஸின் விரல்கள் அவர் பேச்சைக் கேட்பதில்லை. யாரோ வந்து ஒவ்வொரு கணுவிலும் சிமெண்டு பூசிவிட்டுப் போன மாதிரி விறைத்துக் கிடக்கும். வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். மத்தியானம் சீலா மீன் குழம்பில் சோற்றைப் பிசைகிற நேரத்துக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி நல்ல பிள்ளைகளாக வளைந்து கொடுக்கும். அதனால் அவர் கல்யாண வீடோ துட்டி வீடோ, எதுவானாலும் மத்தியானத்துக்கு மேல்தான் போய்த் தலைகாட்டுவது. காலையில் கப்பல் வந்தால் மட்டும் வேறு வழியில்லை.

அப்படிப்பட்ட காலைகளில் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவது அவர் மனைவி பிலோமினாதான். அவள் போட்டு முடிக்கிற வரைக்கும் கேப்டன் மின்விசிறியைப் பார்த்தபடி, அளவெடுக்க நிற்கிற புதுமாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நிற்பார்.

"ஊர்ப்பட்ட கப்பலை எல்லாம் கூட்டியாந்து கட்டுதிய, ஒரு பொத்தானக் கட்ட முடியல. அந்த டாக்டர் புள்ள ஜஹ்ராகிட்ட ஒரு தடவ காட்டினா என்ன, கொறஞ்சா போவிய?" என்றாள் பிலோமினா.

குறையத்தான் செய்யும் என்று கேப்டன் நினைத்தார்.

துறைமுகத்தில் பைலட் என்றால் பெரிய மரியாதை. வெளிக்கடலில் வந்து நிற்கும் கப்பலில் ஏறி, அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே அதை உள்ளே கூட்டிவந்து பத்திரமாகக் கட்டுகிறவர் அவர். கப்பல் எந்த நாட்டுக் கொடியோ, அதன் கேப்டன் எவ்வளவு பெரிய மீசைக்காரனோ, பைலட் மேலே வந்துவிட்டால் 'சரி சார்' மட்டும்தான். காப்பி தருவார்கள், பிஸ்கட் தருவார்கள், கிளம்பும்போது தொப்பிகூடத் தருவார்கள். ஆனால் இத்தனை ராஜ மரியாதையும் மேலே போன பிறகுதான். மேலே போவதற்கு இருப்பதோ கப்பலின் விலாவில் தொங்குகிற ஒரு கயிற்றேணி. கீழே அவரைக் கொண்டுவந்த லாஞ்சுப் படகு குதிக்கும், மேலே கப்பல் அசையும். லாஞ்சுக்கும் கப்பலுக்கும் நடுவில் விழுந்தவனைப் பற்றித் துறைமுகத்தில் யாரும் விவரமாகப் பேசுவதில்லை. பேச்சு அந்தப் பக்கம் போனால், டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

அந்த ஏணியில் கேப்டனைத் தாங்குவது பத்து விரல்கள். அவை காலையில் என்ன நிலைமையில் இருக்கின்றன என்பது பிலோமினாவுக்கும் அவருக்கும் தெரியும். துறைமுகத்துக்குத் தெரிந்தால் ஏணியை விட்டு இறக்கி, ஏசி அறையில் ஒரு நாற்காலியைக் கொடுத்து, கோப்புகளைப் பார்க்கச் சொல்லிவிடுவார்கள். ஏணி ஏறாத பைலட்டை ஊழியர்கள் எப்படி வணங்குவார்கள் என்று அவர் பார்த்திருக்கிறார். கும்பிடுவார்கள், ஆனால் நடையை நிறுத்த மாட்டார்கள்.

ஜஹ்ரா மூட்டு நோய் டாக்டர். காயல்பட்டினத்துக்காரி. அவள் வாப்பா முத்துவாப்பா கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்கிறவர், கேப்டனுக்குப் பழைய சிநேகிதர். அவர்கள் வீட்டு நிக்காஹ் ஒன்றில், தட்டிக்கழிக்க முடியாமல் போன காலைப் பசியாறலின்போது, கேப்டன் தேநீர்த் தம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து, அணில் கொட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக் குடித்ததை அவள் கவனித்துவிட்டாள். சபையில் ஒன்றும் கேட்கவில்லை. வாசலுக்கு வழியனுப்ப வந்தபோதுதான் மெதுவாக ஆரம்பித்தாள்.

அவள் வேலை பார்ப்பது பாளையங்கோட்டை ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். அங்கே ஆராய்ச்சிக்காக ஒரு புது மெஷின் வந்திருக்கிறதாம். விரல் மேல் லேசர் வெளிச்சத்தை விட்டு விட்டு அடிப்பார்கள். வெளிச்சத்தை வாங்கிய ரத்தம் துளியூண்டு சூடாகி, துளியூண்டு விரியும். விரிகிறபோது ஒரு சத்தம் போடும். நம் காதுக்குக் கேட்காது, மெஷினுக்குக் கேட்கும். அழற்சி பிடித்த மூட்டில் புதிது புதிதாக ரத்தக்குழாய்கள் முளைத்திருக்குமாம், அங்கே சத்தம் அதிகம். கேட்ட சத்தத்தை மெஷின் படமாகப் போட்டுக் காட்டும். எக்ஸ்ரேயில் தெரிகிறபோது எலும்பு அரித்திருக்கும், இதில் அதற்கு முன்னாலேயே தெரிய வாய்ப்பு உண்டு என்றாள். முடக்குவாதம்தான் என்று உறுதியானால் இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன, சீக்கிரம் பிடித்தால் வேலையைக்கூட விட வேண்டியதில்லை என்றும் சொன்னாள்.

"இதுல பாஸ், ஃபெயில் ஒண்ணும் கிடையாது அங்கிள். துறைமுகத்துக்கும் போகாது. நீங்க எப்படி இருக்கீங்களோ அப்படியே வந்தாப் போதும்."

தலையாட்டிவிட்டு வந்தார். அவள் சொன்னதில் அவர் காதில் நின்றது 'மெஷின்' என்ற ஒரு சொல்தான்.

கப்பலுக்குப் போகிற தூத்துக்குடி வீடுகளில், பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த கையோடு சொல்லிக்கொடுக்கிற இன்னொரு பாடம் உண்டு. மெடிக்கல் பரிசோதனையைத் தாண்டுவது எப்படி? ஒரு வாரத்துக்குக் கருவாட்டைத் தொடக் கூடாது. இளநீர் குடிக்க வேண்டும். முந்தின நாள் யாரோடும் சண்டை போடக் கூடாது, பிரஷர் ஏறும். கண் பரிசோதனைப் பலகையில் என்னென்ன எழுத்து இருக்கிறது என்று போய் வந்தவனிடம் கேட்டு உருப்போட வேண்டும். டெரன்ஸின் சித்தப்பா பவுல் ஒரு கண் மங்கலாகவே இருந்து ஆயுசு முழுக்கக் கப்பல் ஓட்டினார். ரிட்டயர் ஆன பிறகும் தூக்கத்தில் அந்த எழுத்துகளை மேலிருந்து கீழே சொல்லிக்கொண்டிருப்பாராம். இந்த ஊரில் டாக்டர் என்பவரிடம் உடம்பைக் காட்டுவது வழக்கமில்லை, ஒளிப்பதுதான் வழக்கம். ரத்தத்தில் ஊறிப்போன இந்தப் பாடத்தை ஒரு வாசல் பேச்சு மாற்றிவிடுமா?

கேப்டன் நேரே மருந்துக்கடை அண்ணாச்சியிடம் போனார். ஊரில் பாதிப் பேரை மெடிக்கலில் பாஸ் பண்ண வைத்தவர் அந்த அண்ணாச்சி. அதில் அவருக்கு ஒரு வாத்தியாருக்கு உண்டான பெருமையும் உண்டு. விவரத்தைக் கேட்டார், கேப்டனின் கையைத் திருப்பிப் பார்த்தார். பெயரோ பெட்டியோ இல்லாமல் ஒரு காகிதப் பொட்டலத்தில் சின்னச் சின்ன மாத்திரைகளைக் கொட்டிக் கொடுத்தார்.

"இத காலைல ஒரு வேள போடுங்க கேப்டன். ரெண்டே நாள்ல மிருதங்கம் வாசிப்பிய. எந்த மெஷின் வந்தாலும் ஒண்ணும் தெரியாது" என்றார் அண்ணாச்சி.

மிருதங்கம் வாசிக்கவில்லையே தவிர, மற்றதெல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. மூன்றாம் நாள் காலை கேப்டன் தன் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டார். பிலோமினா சந்தேகமாகப் பார்த்தாள்.

ஸ்கேன் தனியறையில், ஜஹ்ராவும் அவரும் மட்டும் என்றுதான் பேச்சு. ஆனால் ஆஸ்பத்திரியின் சேர்மன் எஸ்றாவுக்கு எதையும் தனியாகச் செய்து பழக்கம் இல்லை. சாயர்புரத்துக்காரர். தண்ணீர்க் குழாய் வைத்தாலும் திறப்பு விழா வைக்கிறவர். அன்றைக்கு மெஷின் திறப்பு விழா. காண்பிக்க ஒரு கை வேண்டியிருந்தது. வெள்ளை யூனிஃபார்மில் தோள்பட்டையில் தங்கப் பட்டைகளோடு ஒரு மனிதர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் சேர்மன் விடுவாரா? ஜஹ்ரா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். சேர்மன் அதற்குள் கேப்டனின் தோளில் கையைப் போட்டு மேடைக்கு நடத்திவிட்டார். சபை நடுவில் மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயத்தில் கேப்டனும் நடந்தார்.

சேர்மன் பேசினார். "முத்துக்குளித்த மண்ணில் இன்று நாம் மூட்டுக்குள் குளிக்கிறோம்" என்றார். கைதட்டல். இந்தக் கடலில் முத்துக்குளிப்பு அறுபதுகளிலேயே நின்றுபோனது, மேடைகளில் மட்டும்தான் இன்னும் நிற்கவில்லை. மெஷினுக்கு 'ஒளியொலி மூட்டு தரிசனம்' என்று தமிழ்ப் பெயர் சூட்டினார். ரத்தம் பேசும், நாம் கேட்போம் என்றார். ரத்தம் ஒருவேளை பேச நினைத்திருந்தாலும் அவர் இடைவெளி விட்டிருக்க மாட்டார்.

ஒருவழியாக எல்லோருக்கும் கருப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். கேப்டனின் விரல்களில் ஜஹ்ரா ஜெல்லைத் தடவி, கருவியை ஒவ்வொரு கணுவாக வைத்தாள். டிக் டிக் டிக் என்று சின்னச் சத்தம். கேப்டனுக்கு நெஞ்சுக்குள் அதைவிடப் பெரிதாகக் கேட்டது. அண்ணாச்சி மாத்திரை கைவிட்டால் துறைமுகத்து ஆட்கள் உட்பட மொத்த சபையும் பார்க்கப்போகிறது. முன் வரிசையில் ஹார்பர் மாஸ்டரே உட்கார்ந்திருந்தார். பைலட்டுகளை ஏணிக்கு அனுப்புவதும் இறக்குவதும் அவர் கையில்.

திரையில் சாம்பல் நிறத்தில் எலும்பின் விளிம்பு தெரிந்தது. அங்கங்கே ஒரு மங்கிய சிவப்புப் புள்ளி. வேறொன்றும் இல்லை. மெஷின் எதையும் கேட்கவில்லை.

"பாருங்கள், ஒரு மாலுமியின் ஆரோக்கியமான மூட்டு!" என்று சேர்மன் முழங்கினார். ஹார்பர் மாஸ்டர்கூடக் கைதட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு ஜஹ்ரா அவரைத் தனியே கூப்பிட்டு, சாதாரண அல்ட்ராசவுண்டிலும் ஒரு தடவை பார்த்தாள். அதுவும் அமைதி. அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அங்கிள், ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

அந்த இடத்தில் ஒரு சின்ன 'ஆமா' போதும். மெடிக்கல் பாஸ் ஆன மாலுமி வாயிலிருந்து அது எப்படி வரும்?

"விட்டமின்தான்மா" என்றார் கேப்டன்.

அடுத்த வாரமே அந்தப் படம் ஆள் உயரத்துக்குப் பெரிதாகி ஆஸ்பத்திரி வரவேற்பறையில் தொங்கியது. துறைமுகத்தில் அவரைப் பார்க்கிறவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்த வருஷத்து மெடிக்கலில் டாக்டர், 'உங்க கையத்தான் ஊரே பாத்துட்டுதே' என்று சிரித்து, முஷ்டியை மடக்கச் சொல்லாமலே விட்டுவிட்டார்.

மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டே வந்ததில் கேப்டனுக்குத் தூக்கம் போயிற்று. முகம் உப்பிக்கொண்டு வந்தது. 'என்ன பண்டம் திங்கிய, கன்னம் பன் மாதிரி ஆவுது' என்று பிலோமினா கேட்டாள். சர்க்கரை எகிறியது. மாத்திரைதான் காரணம் என்று அவருக்கே தெரிந்தது. ஜஹ்ராவிடம் போகலாமா? என்னவென்று போய்ச் சொல்வது? 'ஆரோக்கியமான மூட்டு' என்று சுவரில் தொங்குகிற ஆள் வந்து மூட்டு வலி என்றால் சேர்மன் எங்கே போய் முகத்தை வைப்பார்? ஹார்பர் மாஸ்டர் தட்டிய கைத்தட்டலை எப்படித் திருப்பி வாங்கிக்கொள்வார்? கேப்டன் தனக்கு எட்டிய அளவில் ஒரு முடிவெடுத்தார். பொட்டலத்தை ஒரேயடியாகக் கக்கூசில் கொட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டார்.

ஒளிந்திருந்த நோய் வட்டியோடு வந்தது. விரல்கள் மட்டுமல்ல, மணிக்கட்டும் தோளும் சேர்ந்து பிடித்தன. அந்த நிலைமையில்தான் ஒரு காலை வேளையில் நிலக்கரிக் கப்பல் ஒன்று வெளிக்கடலில் வந்து நின்றது. ஆடி மாதக் கச்சான், அலையை எழுப்பிவிடும் மேல்காற்று. வேறு பைலட்டை அனுப்பச் சொல்லலாம். காரணம் கேட்பார்கள். கேப்டன் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு லாஞ்சில் ஏறினார்.

லாஞ்சை ஓட்டுகிற பெவின் அலையின் போக்கைப் பார்த்துப் பார்த்துக் கப்பலோடு அணைத்தான். மேலே பிலிப்பைன்ஸ்காரரான இளவயது சீஃப் ஆபீஸர் எட்டிப் பார்த்துக் கையசைத்தார். ஏணி புத்தம் புதிது, கயிறு இன்னும் மஞ்சளாக இருந்தது. லாஞ்சு அலையின் உச்சிக்கு ஏறிய கணத்தில் கேப்டன் காலை வைத்தார். வலது கை பிடித்தது. இடது கையை வைத்தார். விரல்கள் கயிற்றின் மேல் படுத்தன. மூடவில்லை.

மூடு என்றார் மனசுக்குள். மூடவில்லை. கீழே லாஞ்சு சரேலென்று இறங்கிப் போயிற்று. அது நின்ற இடத்தில் பச்சைத் தண்ணீர் கொப்பளித்தது. வலது கை மட்டும் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதுவும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவருக்குத் தெரிந்தது. முழங்கையை மடக்கிக் கயிற்றுக்குள் செருகி, முகத்தை இரும்பில் ஒட்டிக்கொண்டார். கப்பல் இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. பிலோமினாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டோமே என்று தோன்றியது. என்ன வார்த்தை என்று தோன்றவில்லை.

"விட்ருங்க கேப்டன், நான் பிடிக்கேன்" என்று பெவின் கீழேயிருந்து கத்தினான். லாஞ்சு மறுபடி மேலே வந்தபோது அங்கியின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். இருவரும் லாஞ்சின் மேல்தட்டில் சேர்ந்து விழுந்தார்கள்.

வயர்லெஸ்ஸில் ஹார்பர் மாஸ்டரின் குரல் என்ன ஆயிற்று என்று கேட்டது. பைலட் ஏணி சரியில்லை என்று சொன்னால் உலகத்தில் எந்தக் கப்பல்காரனும் எதிர்த்துப் பேச மாட்டான். கேப்டனின் வாய் அவரைக் கேட்காமலே அதைச் சொன்னது.

"ஏணி சரியில்ல சார். ஏற முடியல."

பெவின் அவரைப் பார்த்தான். பிறகு ஏணியைப் பார்த்தான். லாஞ்சைத் திருப்பினான். மேலே அந்தச் சீஃப் ஆபீஸர் தானே குனிந்து ஏணியை இழுத்து, ஒவ்வொரு படியாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது தூரம் போகும்வரை தெரிந்தது. இனி அந்தக் கப்பலுக்குச் சோதனைக்காரர்கள் வருவார்கள். ஏணிக்கு யார் பொறுப்பு என்று கேட்பார்கள். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு தான்தான் என்பார்.

கேப்டன் அங்கியைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். கழற்றவும் முடிந்திருக்காது. ஜஹ்ரா அவரைப் பார்த்ததும் உள்ளே கூட்டிப்போய், கொக்கிகளை அவிழ்த்துவிட்டாள். அவர் மாத்திரையைச் சொன்னார், பொட்டலத்தைச் சொன்னார், கக்கூசைச் சொன்னார்.

"ஸ்டீராய்டு. அதை ஒரேயடியா நிறுத்துனீங்களா?" என்று அவள் தலையில் கை வைத்தாள். "அது உயிருக்கே ஆபத்து. ஏணில இல்ல அங்கிள், வீட்டுக் கட்டில்லயே விழுந்திருப்பீங்க."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஜெல்லை எடுத்தாள். டிக் டிக் டிக். இந்தத் தடவை திரை, மாதா கோயில் திருவிழாவுக்கு சீரியல் லைட் போட்ட மாதிரி எரிந்தது. கணுவுக்குக் கணு சிவப்பு. வெளிச்சத்தின் நிறத்தை மாற்றி இன்னொரு தடவை பார்த்தாள். அந்த ரத்தத்தில் ஆக்ஸிஜனும் குறைவு, மூட்டுக்குள் ஒரு தீ மூச்சுத் திணறிக்கொண்டு எரிகிறது என்றாள். இதை மட்டும் வைத்து முடிவுக்கு வர மாட்டேன், ரத்தப் பரிசோதனையும் மற்றதும் பார்க்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டாள். கேப்டன் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை மாதமும் அவர் ஒளித்துச் சுமந்ததை முதன்முறையாக ஒரு டாக்டர் பார்க்கிறார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் மூச்சு விட முடிந்தது.

சேர்மனுக்கு எப்படியோ தகவல் போய்விட்டது. மூச்சிரைக்க வந்தார். திரையைப் பார்த்தார், கேப்டனைப் பார்த்தார், வரவேற்பறை இருக்கும் திசையைப் பார்த்தார். பெரிய மனிதர்களுக்குத் தர்மசங்கடம் ரொம்ப நேரம் நிற்பதில்லை.

"ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா. இந்தப் படத்தை 'சிகிச்சைக்கு முன்'னு போடுவோம், அங்க தொங்குதுல்லா, அத 'சிகிச்சைக்குப் பின்'னு போட்ருவோம். இன்னும் எடுப்பா இருக்கும்" என்றார்.

"சிகிச்சையே இனிமேதான் சார்" என்றாள் ஜஹ்ரா.

"தேதிய யாரு பாக்கா?"

அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். சேர்மன் அதைத் தனக்குக் காட்டும் மரியாதை என்று எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பிறகு அவள் மருந்தைப் பற்றிச் சொன்னாள். நிறுத்திய மாத்திரையைச் சரியான அளவில் மறுபடி தொடங்கிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உண்மையான மருந்து வேலை செய்யச் சில மாதங்கள் பிடிக்கும். நடுநடுவே இதே மெஷினில் பார்க்கலாம். அதுவரை ஏணிப் பக்கமே போகக் கூடாது.

"அதுக்கப்புறம் ஏறலாமா?"

"ஏறலாம்னு நெனைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

கேப்டன் வெளியே வந்து காரில் உட்கார்ந்தார். கச்சான் காற்று ரோட்டுப் புழுதியை எல்லாம் கண்ணாடியில் கொண்டு வந்து கொட்டியது. பழி ஏணி மேல் விழுந்துவிட்டது. இந்த ஒரு பொய்யை அப்படியே விட்டால் போதும், கொஞ்ச நாள் லீவு, பிறகு எப்படியும் சமாளிக்கலாம் என்று உள்ளே ஒரு குரல் ஆரம்பித்தது. பவுல் சித்தப்பாவின் குரல் மாதிரி இருந்தது. மணிக்கட்டால் போனைத் தள்ளித் தள்ளி ஹார்பர் மாஸ்டரின் எண்ணைக் கண்டுபிடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்தால் தேவலை என்று ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டார்.

எடுத்துவிட்டார். அந்த ஏணி விஷயமாகத்தான் எழுதிக்கொண்டிருப்பதாகவும், கப்பல்காரன் ஏணி புதிது என்று சாதிப்பதாகவும் ஹார்பர் மாஸ்டர் பொரிந்தார். கேப்டன் அவர் மூச்சு வாங்கட்டும் என்று காத்திருந்தார்.

"ஏணில ஒண்ணும் இல்ல சார். என் கைதான் பிடிக்கல."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கேப்டன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். இல்லை, இருந்தது.

"எந்தக் கை?" என்றார் ஹார்பர் மாஸ்டர்.

"ரெண்டும் சார்."

"எவ்வளவு நாளா?"

கேப்டன் சொன்னார். கைதட்டிய நாளை அவர் நினைத்துப் பார்க்கிறார் என்று கேப்டனுக்குப் பட்டது.

"அந்தச் சீஃப் ஆபீஸர் காலைலருந்து சாப்பிடலையாம்" என்றார் ஹார்பர் மாஸ்டர் கடைசியில். "அவன்கிட்ட யாரு சொல்லுறது?"

"நானே வந்து வயர்லெஸ்ல சொல்லுதேன் சார்" என்றார் கேப்டன் டெரன்ஸ். அவர் குரல் நடுங்கியது. அதை மறைக்க அவர் ஒன்றும் செய்யவில்லை.